மலையில் யார் தங்குவார்? சேர்வராயன் மலையின் அரசுப் பணியாளர் நிர்வாகம்

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு வட்டத்தில் அரசு என்பது ஒரே முதலாளி அல்ல. வட்டாட்சியரும் வருவாய் ஆய்வாளரும் கிராம நிர்வாக அலுவலர்களும் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர்கள். ஒன்றிய அலுவலகமும் அதன்கீழ் உள்ள ஊராட்சிகளும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. பள்ளிகளில் ஒரு பகுதி பள்ளிக் கல்வித் துறையுடையது. உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பழங்குடியினர் நலத் துறை நடத்துகிறது. மருத்துவர்களும் செவிலியர்களும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் வெவ்வேறு இயக்ககங்களுக்குப் பதில் சொல்பவர்கள். வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் ஆகியோர் சேலம் வனக்கோட்டத்துக்காரர்கள். இந்தியத் தாவரவியல் அளவாய்வகம் 1963இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் பூங்காவிலும், காபி வாரியத்தின் விரிவாக்க அலுவலகத்திலும் இருப்பவர்கள் ஒன்றிய அரசின் விதிகளுக்கு உட்பட்டவர்கள். தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமோ தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடையது.

இத்தனை அமைப்புகளுக்கும் தனித்தனி ஆளெடுப்பு முறை, தனித்தனி பணி மூப்புப் பட்டியல், தனித்தனி மாறுதல் விதி. ஆயினும் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டிய இடத்தில், எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிக்கல் உண்டு. பணியிடம் அரசாணையில் இருக்கிறது. அதில் அமர்பவர் மலையில் தங்குவாரா என்பதை அரசாணை தீர்மானிப்பதில்லை. மலைக்கு மேலே போகிறவருக்கு ஈடு செய்வது எப்படி என்று தமிழ்நாட்டு நிர்வாகம் நெடுங்காலமாக யோசித்து வந்திருக்கிறது. ஏற்கெனவே மலையில் இருப்பவரை எப்படிப் பணிக்குக் கொண்டுவருவது என்பதில் அந்த அளவு யோசனை இல்லை.

பரம்பரையிலிருந்து தேர்வுக்கு

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் வட்டாரத்தின் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடு அதன் நிர்வாகத்தை ஏற்றார். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவருக்குக் கீழே உதவியாளராக இருந்து நிலவரி வேலை கற்றது இந்தப் பகுதியில்தான். அப்போது சேர்வராயன் மலை சாலநாடு, மோகநாடு, முட்டநாடு என மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்தது. பட்டக்காரர், மூப்பன், கங்காணி என்ற ஊர்ப் பொறுப்புகள் மலையாளிப் பழங்குடி மக்களிடையே வழிவழியாக வந்தவை. 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்த பிறகே மலையில் அரசின் கால் பலமாக ஊன்றியது.

கீழே சமவெளியில் கர்ணமும் மணியக்காரரும் தலையாரியும் பரம்பரை உரிமையில் வேலை பார்த்தார்கள். 1895ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமைக்குச் சட்ட வடிவம் தந்தது. பிறப்பை வைத்து அரசுப் பதவி தருவது அரசமைப்பின் 16ஆம் பிரிவுக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1960இல் கசுல தசரத ராமராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் முறைக்கு 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு பிறப்பித்த அவசரச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அந்த இடத்தில் வந்தவரே முழுநேர ஊழியரான கிராம நிர்வாக அலுவலர். அவரைத் தேர்ந்தெடுப்பது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். 1929இல் மாகாணச் சட்டத்தின் மூலம் அமைந்த சென்னைப் பணியாளர் தேர்வாணையத்தின் நேர் வாரிசு அது. 2018 முதல் இப்பணிக்கான தேர்வு தொகுதி 4 தேர்வோடு இணைக்கப்பட்டுவிட்டது.

பரம்பரை முறையை ஒழித்தது நியாயமான செயல். ஒரு சில குடும்பங்களின் கையில் இருந்த ஊர்க் கணக்கு எல்லாச் சாதியினருக்கும் பொதுவான தேர்வுக்கு வந்தது சமூக நீதியின் பெரிய வெற்றி. ஆனால் பரம்பரையோடு இன்னொன்றும் சேர்ந்து போயிற்று. பழைய கர்ணம் ஊரிலேயே குடியிருந்தார். அதற்கு விதி தேவைப்படவில்லை. புதிய அலுவலர் எங்கிருந்தும் வரலாம் என்பதால், அவர் தம் கிராமத்தில் தங்க வேண்டும் என்பதை விதியாக எழுத வேண்டியதாயிற்று. சமவெளியில் அந்த விதியைப் பின்பற்றுவது சிரமமில்லை. மலைச் சிற்றூர்களான மாரமங்கலத்திலோ செம்மநத்தத்திலோ வாடகைக்கு வீடு தேடும் ஒருவருக்கு அது அத்தனை எளிதல்ல. ஏற்காடு நகரிலோ சுற்றுலா விடுதிகளின் சந்தை வீட்டு வாடகையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு விழுக்காட்டுக் கணக்கு

தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு உரியது 1 விழுக்காடு. அது வரை ஆதிதிராவிடருடன் சேர்ந்திருந்த பங்கு 1990இல் தனியாகப் பிரிந்து வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் பழங்குடி மக்கள்தொகை 7,94,697, அதாவது 1.1 விழுக்காடு. மாநில அளவில் பார்த்தால் ஒதுக்கீடு மக்கள்தொகைக்குப் பொருந்துகிறது. ஆனால் பழங்குடியினர் மாநிலம் முழுவதும் சமமாகப் பரவி வாழ்பவர்கள் அல்லர். அதே கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 1.19 லட்சம் பேர். மாவட்டங்களில் இதுவே முதலிடம். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதும் இதனால்தான்.

இனச்சுழற்சி முறையில் 200 இடங்கள் கொண்ட ஒரு சுற்றில் பழங்குடியினருக்கு 2 இடங்கள். ஒரு துறை ஆண்டுக்குப் பத்து, இருபது பேரைத்தான் எடுக்கிறது என்றால், பழங்குடியினரின் முறை வருவதற்கே பல ஆண்டுகள் ஆகும். அந்த முறை வரும்போது சேர்வராயன் மலையின் இளைஞர் மாநிலத்தின் 37 பழங்குடிச் சமூகங்களோடும் போட்டியிட வேண்டும். வென்றாலும் அவர் ஏற்காட்டுக்கே வருவார் என்ற உறுதி கிடையாது. காலியிடம் இருக்கும் மாவட்டத்துக்குப் போவார். இட ஒதுக்கீடு தனிமனிதருக்கு வேலை தருகிறது. மலைக்கு ஊழியர் தரும் கருவியாக அது வடிவமைக்கப்படவில்லை; அதனிடம் அந்த வேலையை எதிர்பார்ப்பதும் தவறு.

இதற்கு முன்னால் சான்றிதழ் என்ற கட்டம் ஒன்று இருக்கிறது. ‘மலையாளி’ என்ற பெயர் பழங்குடிப் பட்டியலில் தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய பழைய மாவட்டங்களுக்கு மட்டும் உரியது. அதனால் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் மலையாளி மக்களுக்குப் பழங்குடிச் சான்று கிடைப்பதில்லை. சேர்வராயன் மலைக்காரர் பட்டியலில் இருக்கிறார். ஆனால் மற்றச் சாதிச் சான்றுகளைப் போல இதை வட்டாட்சியரிடம் பெற முடியாது. 1989 நவம்பர் முதல் பழங்குடிச் சான்று வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியர் நிலை அலுவலருக்கு உரியது. 1994இல் மாதுரி பாட்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி, பணியில் சேர்ந்த பிறகும் மாநில அளவிலான கூர்நோக்குக் குழு சான்றின் உண்மைத்தன்மையை ஆராயும். போலிச் சான்றுகளைத் தடுக்க இது தேவை. ஆயினும் ஆய்வு முடியாமல் ஆண்டுகள் ஓடினால், அதன் சுமையைத் தாங்குவது உண்மையான பழங்குடி ஊழியரே.

உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை: சட்டம் விட்ட இடம்

மலைப் பணியிடத்தை மலைக்காரருக்கே கொடுத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அரசமைப்பின் 16(2) பிரிவு வசிப்பிடத்தைக் காரணமாகக் காட்டி அரசு வேலையில் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. 16(3) பிரிவின்படி அதற்கு விலக்குத் தரும் சட்டத்தை நாடாளுமன்றம் மட்டுமே இயற்றலாம். அப்படி 1957இல் இயற்றிய சட்டத்தில் தெலங்கானா தொடர்பான பகுதியை 1969இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆகவே, ‘ஏற்காடு வட்டத்தில் வசிப்பவர் மட்டும்’ என்று ஒரு நிரந்தரப் பணிக்கு மாநில அரசு விதி எழுத இயலாது.

பழங்குடிப் பகுதிகளுக்கு அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணை வேறொரு வழி திறந்துவைத்திருக்கிறது. அங்கே ஆளுநர் சட்டங்களை மாற்றி அமைக்கலாம். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒரு அங்குலம்கூட அறிவிக்கப்படவில்லை. ஆதலால் சேர்வராயன், கொல்லி, கல்வராயன், சவ்வாது மலைகளுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அட்டவணைப் பகுதிகள் உள்ள ஆந்திரத்திலும் அது முழுமையாக வெல்லவில்லை. அங்குள்ள பள்ளி ஆசிரியர் பணியிடங்கள் அனைத்தையும் உள்ளூர்ப் பழங்குடியினருக்கே ஒதுக்கி 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் எண் அரசாணையை, 2020 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ரத்து செய்தது. நூறு விழுக்காடு ஒதுக்கீடு பிறரின் உரிமையைப் பறிப்பதாகும் என்பது அதன் முடிவு. வெளியிலிருந்து வந்த ஆசிரியர்கள் பள்ளிக்கு வராமல் இருந்ததே அந்த அரசாணைக்குத் தூண்டுகோல். ஆணை போன பிறகும் அந்தக் குறை தீர்ந்துவிடவில்லை.

ஆனால் வசிப்பிட விதி முழுவதும் இல்லாமல் போய்விட்டது என்று எண்ணுவதும் சரியல்ல. சத்துணவு மையத்துக்கு விண்ணப்பிப்பவரின் வீடு மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் அந்த ஊரைச் சேர்ந்தவராக இருப்பது எதிர்பார்க்கப்படுகிறது. ஆஷா எனப்படும் சமூக நலவாழ்வுப் பணியாளர்களைத் தமிழ்நாடு மாநிலம் முழுவதும் நியமிக்கவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் அமைப்பு இங்கே வலுவாக இருப்பதால், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும் ஆஷாக்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் அந்தந்தக் குக்கிராமத்துப் பெண்களே. ஊராட்சியின் தூய்மைக் காவலரும் மேல்நிலைத் தொட்டி இயக்குபவரும் உள்ளூர்க்காரர்கள்தாம்.

இங்கேதான் முரண் துலக்கமாகத் தெரிகிறது. மதிப்பூதியம், ஊக்கத்தொகை, சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற கீழ்ப்படிகளில் உள்ளூர்க்காரர் வேண்டும் என்று விதி சொல்கிறது. முழு ஊதிய விகிதம் தொடங்கும் படியிலிருந்து வசிப்பிடம் பொருட்டில்லை. அங்கன்வாடிப் பணியாளர்கள் வகிப்பது அரசுப் பதவியே அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் அமீர்பி வழக்கில் சொன்னதும் இதோடு இணைந்தது. அரசுப் பதவி இல்லை என்பதால்தான் அங்கே வசிப்பிட விதி சட்டச் சிக்கல் இல்லாமல் நிற்க முடிகிறது. 2022 ஏப்ரலில் குஜராத் அங்கன்வாடிப் பணியாளர் வழக்கில் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது ஒரு முன்னேற்றம். மலையில் நாள்தோறும் தங்கியிருக்கும் ஊழியரே மிகக் குறைந்த ஊதியம் பெறுபவர் என்ற நிலைமை அதனால் மாறவில்லை. இது அநீதி, நிர்வாகக் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் வீண்செலவு. இடத்தை அறிந்த ஒருவரின் அனுபவத்துக்குப் பதவி உயர்வு என்ற வழி இல்லாதபோது, அந்த அனுபவம் அவரோடு முடங்கிவிடுகிறது.

ஒரு பேறுகாலத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். சாலை இல்லாத குக்கிராமத்தில் ஒரு பெண் கருவுற்றிருப்பதை முதலில் அறிபவர் ஆஷா. அவர் சொல்லித்தான் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. பிரசவத் தேதி நெருங்கும்போது, மலைப் பகுதி சுகாதார நிலையத்தின் பிரசவக் காத்திருப்பு அறைக்கு முன்கூட்டியே வந்து தங்கும்படி குடும்பத்தைச் சம்மதிக்க வைப்பதும், வீட்டில் இருக்கும் மற்றக் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்வதும் அவரே. இவ்வளவுக்குப் பிறகுதான் மருத்துவரின் வேலை தொடங்குகிறது. இந்தச் சங்கிலியில் சம்பளப் பட்டியலின் அடியில் இருக்கும் கண்ணி அறுந்தால் மேலே இருக்கும் எதுவும் பயன் தராது.

மேலே போகிறவருக்கு ஈடு

மலையில் பணியாற்றும் அரசு ஊழியர்களுக்கு மலைப்படியும் குளிர்காலப் படியும் உண்டு. இவை பழைய ஏற்பாடுகள், வேண்டியவையும்கூட. ஆனால் படி மலைக்காகத் தரப்படுவது. மலைக்குள் இருக்கும் தொலைவுக்காக அல்ல. ஏற்காடு நகரின் அலுவலகத்துக்குச் சேலத்திலிருந்து காலைப் பேருந்தில் வந்து மாலையில் திரும்பிவிட முடியும். வெள்ளக்கடையையோ மாரமங்கலத்தையோ தாண்டிய சிற்றூரின் பள்ளிக்கு அப்படிப் போய்வருவது பேருந்து நேரத்தைப் பொறுத்தது. ஆகவே ஏற்காட்டின் சிக்கலை ‘காலியிடம்’ என்ற சொல்லால் மட்டும் அளக்கக் கூடாது. பெருநகரம் அருகில் இருக்கும் மலை இது. பதிவேட்டில் பணியிடம் நிரம்பியிருக்கும். ஊழியரின் நாள் பேருந்து அட்டவணைக்குள் சுருங்கியிருக்கும். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்’ என்ற மிரட்டல் அரசு அலுவலகங்களில் இன்றும் புழங்குகிறது. தண்டனையாக வந்தவர் தம் காலத்தைத் திரும்பிப்போகும் முயற்சியிலேயே கழிப்பார் என்பது மேலதிகாரிகளுக்குத் தெரியாததல்ல.

தொடக்கக் கல்வியில் இதற்கு ஒரு நேர்மையான விடை உண்டு: மலைச் சுழற்சி மாறுதல். மலை ஒன்றியப் பள்ளிகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்றிய ஆசிரியர் கீழே இறங்குவார். சமவெளியில் இருப்பவர் முறைப்படி மேலே செல்வார். சுமை ஒருவர் தலையில் மட்டும் விழாமல் பகிரப்படுகிறது. தண்டனை என்ற களங்கமும் நீங்குகிறது. ஆனால் குழந்தையின் பக்கமிருந்து பார்த்தால், ஆசிரியர் வருவதும் போவதுமாகவே இருக்கிறார். கல்வி உரிமைச் சட்டம், 2009, அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று சொல்கிறது. மலைக் குக்கிராமங்களில் பெரும்பாலும் இந்த வகைப் பள்ளிகள்தாம். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ விடுப்பிலோ சென்றால், ஐந்து வகுப்புகளும் எஞ்சியவர் கையில். கீழேயென்றால் பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப் பணியில் ஒருவரை அனுப்பலாம். இங்கே பக்கத்துப் பள்ளி அடுத்த மலைமுகட்டில் இருக்கும். மலையாளி மக்கள் பேசுவது தமிழே என்பது ஒரு நற்பேறு. வட இந்தியப் பழங்குடிப் பகுதிகளைப் போல ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே மொழிச்சுவர் இல்லை. தேவைப்படுவது ஆசிரியர் நிலைத்திருப்பது மட்டுமே.

மருத்துவர்களுக்கான ஏற்பாடு வேறு வகையானது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் முதுநிலைப் படிப்பு விதிகள் தொலைதூர, கடினப் பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவருக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை, மொத்தம் முப்பது விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் தர இடமளித்தன. அதை உச்ச நீதிமன்றம் 2016இல் ஏற்றது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று வந்த தீர்ப்பு, அரசுப் பணியில் இருப்போருக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு தரும் உரிமையை மாநிலங்களுக்கு மீட்டுக் கொடுத்தது. இதன் பயன் பெரிது: மலைச் சுகாதார நிலையத்துக்கு இளம் மருத்துவர் விரும்பி வருகிறார். ஆனால் அவருக்குக் கிடைக்கும் பரிசே மலையை விட்டுப் போகும் வாய்ப்பு. மதிப்பெண் சேர்ந்ததும் அவர் மேற்படிப்புக்குச் செல்வார்; அடுத்தவர் வருவார். இடம் காலியாகாது, நோயாளியை ஐந்தாண்டு தொடர்ந்து அறிந்த மருத்துவரும் இருக்க மாட்டார். ஈர்ப்பதும் தக்கவைப்பதும் இரண்டு தனி வேலைகள். இந்த ஏற்பாடு முதலாவதை மட்டும் செய்கிறது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2010இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த பரிந்துரைகளில், தொலைதூரப் பகுதிகளில் பிறந்து வளர்ந்த மாணவர்களைப் படிப்புக்குத் தேர்ந்தெடுப்பதற்கு முக்கிய இடம் உண்டு. அப்படிப் படித்தவர்கள் அத்தகைய பகுதிகளில் பணியாற்ற முன்வரும் வாய்ப்பு அதிகம் என்பது பல நாடுகளின் அனுபவம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கிய தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு மிக அருகில் வருகிறது. மலையின் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவிக்கு அது கதவைத் திறந்திருக்கிறது. அவர் மருத்துவராகி வரும்போது சொந்த மலையில் பணியாற்ற விரும்பினால், கலந்தாய்வில் அந்த விருப்பத்துக்கு எடை தருவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

எத்தனை பேர் தேவை

பணியிட எண்ணிக்கைக்கான அளவுகோல் பொதுவாக மக்கள்தொகை. சுகாதாரத் துறை இதில் மலைக்கு இரக்கம் காட்டியிருக்கிறது: சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 என்பது 20,000 ஆகக் குறைகிறது. மற்றத் துறைகளில் இத்தகைய தளர்வு அரிது. ஊராட்சியின் தூய்மைப் பணிக்கு வீடுகளின் எண்ணிக்கையே அடிப்படை. நூற்றைம்பது வீடுகள் ஒரே தெருவில் இருப்பதும் நான்கு மலைச்சரிவுகளில் சிதறிக் கிடப்பதும் அந்தக் கணக்கில் ஒன்றே. ஏற்காடு நகரில் இன்னொரு குறை சேர்கிறது. மாநிலமே அறிந்த சுற்றுலாத் தலம் நெடுங்காலம் நகராட்சியாக அல்ல, கிராம ஊராட்சியாகவே இருந்து வந்தது. வார இறுதியில் வந்துபோகும் கூட்டம் போட்டுவிட்டுப் போகும் குப்பை, குடியிருப்போரைக் கணக்கிட்டு நியமித்த ஊழியர்களின் தோளில் ஏறுகிறது. மே மாதக் கோடை விழாவுக்குக் கீழிருந்து ஆட்கள் வருகிறார்கள். விழா முடிந்த மறுவாரம் வரும் கூட்டத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை.

பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அண்மைக் காலத்தில் மனிதவள மேலாண்மைத் துறை என்று பெயர் மாறியது. ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டத்தின் வழியே சம்பளப் பட்டியலும் பணிப் பதிவேடும் கணினிக்கு வந்துவிட்டன. விடுப்புக்காகவும் ஊதிய உயர்வுக்காகவும் பதிவேட்டைச் சுமந்துகொண்டு மலையிறங்கிய காலத்தை நினைத்தால் இது மலை ஊழியருக்குப் பெரிய ஆறுதல். யார் எந்த இடத்தில் எத்தனை ஆண்டு இருந்தார் என்ற தகவலும் இப்போது தொகுப்பாகக் கிடைக்கக் கூடியது. அதை மாறுதல் முடிவுகளுக்குப் பயன்படுத்துவதுதான் மீதியுள்ள வேலை.

உள்ளூர்க்காரரையே பணிக்குக் கொண்டுவருவதில், இலங்கையின் மலையகத்தில் பெருந்தோட்டப் பள்ளிகளின் ஆசிரியர் பற்றாக்குறைக்கு எடுத்த நடவடிக்கை இங்கே ஒப்பிடத்தக்கது. 2014, 2015 ஆண்டுகளில் சுமார் மூவாயிரம் மலையகத் தமிழ் இளைஞர்கள் சொற்ப மாதப் படியில் உதவி ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். படி போதவில்லை என்ற போராட்டங்கள் நடந்தன. அந்தக் குறை உண்மையானது. ஆனால் அந்தத் திட்டத்தில் ஏணி ஒன்று இருந்தது: பயிற்சிக் கல்லூரியில் படிப்பை முடித்தவர் ஆசிரியர் சேவைக்குள் நிரந்தரமாக உள்வாங்கப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம்.

தமிழ்நாட்டிலும் அப்படி ஓர் ஏணி வருவாய்த் துறையில் இருக்கிறது. கிராம உதவியாளரை வட்டாட்சியர் உள்ளூர்க்காரர்களிலிருந்து நியமிக்கிறார். தகுதியும் பணிக்காலமும் உள்ள உதவியாளருக்குக் கிராம நிர்வாக அலுவலர் பணியிடங்களில் ஒரு பங்கு பதவி உயர்வாக வருகிறது. வசிப்பிட விதியோடு நுழைந்தவர், அரசமைப்போடு முரண்படாமல், முழு ஊதிய விகிதத்துக்கு ஏறுவதற்கான வழி இது. அங்கன்வாடிப் பணியாளருக்கு மேற்பார்வையாளர் பதவி வரை இதே போன்ற வழி உண்டு. துணைச் செவிலியர் பயிற்சியில் ஆஷாக்களுக்கு முன்னுரிமை தரும் மாநிலங்களும் இந்தியாவில் இருக்கின்றன. சேர்வராயன் மலையின் ஆஷா ஒருவர் அதே மலையின் கிராம சுகாதாரச் செவிலியராவதற்கு, பயிற்சிப் பள்ளியில் சில இடங்களும், படிக்கும் காலத்துக்கான உதவித்தொகையும், முடித்தபின் அதே வட்டாரத்தில் பணி என்ற ஒப்பந்தமும் போதும்.